கமலவேணி அம்மாவுக்கு நான் கேட்ட ஒன்ஸ் மோர்

ஒரு பெரிய பாட்டுக்காரியின் தொண்டையை நான் உடைத்திருக்கிறேன். கையால் இல்லை, முகத்தால். அது எப்படி என்று அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் கூவம் பக்கமாக ஓடியிருப்பேன். இப்போது வயசாகிவிட்டது, வெட்கம் தேய்ந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் அடையாறு ஆற்றோரக் குப்பத்தில் நான் ஒரு மீன்பாடி வண்டி, அதாவது சாமான் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள், வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். (அதுல ரொம்ப சந்தோஷப்பட்டது வாத்தியாருதான்.) வண்டியில் மணல் ஏற்றுவேன், பீரோ ஏற்றுவேன், ஒருமுறை எருமைக் கன்றுகூட ஏற்றியிருக்கிறேன். அப்படித்தான் ஒருநாள் மயிலாப்பூரில் ஒரு நாடகக் கம்பெனிக்குப் படுதா, கதவு, ஜன்னல் எல்லாம் ஏற்றப் போனேன். இறக்கி வைத்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து ஹாலுக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து மணல் ஏற்றக் கூப்பிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், நாடகத்துக்குக் கூப்பிட்டால் விட்டுவிடும்.

காரணம் கமலவேணி அம்மா. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு. மேடைக்கு வெளியே பார்த்தால், ஒயர் கூடையும் தடிக் கண்ணாடியுமாக பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒரு குட்டையான அம்மா. நீங்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம்கூட விட மாட்டீர்கள். ஆனால் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு 'கறிகாய்க் கல்யாணி' நாடகத்தில் தள்ளுவண்டியோடு வந்தார் என்றால், பத்தாவது வரிசைக்காரருக்குக் கொத்தமல்லி வாசனை வரும். வண்டியில் இருக்கும் கத்திரிக்காய் எல்லாம் காகிதக்கூழில் செய்து சாயம் அடித்தது. ஏற்றி இறக்குகிறவன் நான், எனக்குத் தெரியாதா? அதே கத்திரிக்காயை அவர் எடுத்துத் தராசில் வைத்தால் தட்டு கீழே இறங்கும். சத்தியமாகச் சொல்கிறேன், இறங்கும்.

பாட்டு எழுதியது வைத்தி சார். மயிலாப்பூர்க்காரர். பகலில் ஏதோ ஆபீஸில் ஃபைல் பார்ப்பார், சாயங்காலம் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டு எழுதுவார். கல்யாணி, மாட வீதியில் காய் வாங்க வரும் வீட்டுக்காரம்மாவைப் பார்த்துப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது.

ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குறியே வெண்டக்காயைத்தான் – அன்னிக்கு
முடிச்சு போட வந்தவனைப் பாத்தியா இப்படித்தான்?
தட்டித் தட்டிப் பாக்குறியே தேங்காயைத்தான் – பொண்ணு
கட்டிப் போன வீட்டுக் கதவைத் தட்டுனியா நீதான்?

முதல் இரண்டு வரிக்கு ஹால் சிரிக்கும். அடுத்த இரண்டு வரிக்குப் பாதி ஹால்தான் சிரிக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த மீதிப் பாதி மூக்கை உறிஞ்சும். நாலே வரி! ஒரே ராகம்! எப்படி எழுதினார் இந்த மனிதர் என்று வண்டி மிதித்துக்கொண்டே யோசித்து, ஒருமுறை லஸ் முனையில் போலீஸ்காரர் காட்டிய கையை மதிக்காமல் போய் அடி வாங்கியிருக்கிறேன்.

அதற்கப்புறம் வருவதுதான் 'மூச்சுவிடாக் கட்டம்'. கத்திரி அவரை கொத்தவரை காராமணி முருங்கை பீர்க்கு புடலை என்று முப்பத்திரண்டு காய், ஒரே மூச்சில். ஒவ்வொரு காய்க்கும் வீட்டுக்காரம்மா கேட்கிற விலை ஒரு படி இறங்கும், கல்யாணியின் சுருதி ஒரு படி ஏறும். முப்பத்திரண்டாவது காய்க்கு அம்மாவின் குரல் ஹால் கூரையில் ஓட்டை போட்டுக்கொண்டு போய் நிற்கும். டக்கென்று ஒரு மௌனம். பிறகு சாதாரணக் குரலில், பாடாமல், "கறிவேப்பில மட்டும் சும்மா வோணுமா தாயி?" என்பார்.

ஹால் இடியும்.

அந்த இடியில் முதல் இடி என்னுடையது. கடைசி வரிசையில் எழுந்து நின்று, ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற குரலில், "ஒன்ஸ் மோர்!" என்பேன். நான் ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போகும். பெரிய பெரிய மனிதர்கள், வெள்ளை வேட்டிக்காரர்கள், எல்லோரும் என் பின்னால் கத்துவார்கள். அம்மாவும் மறுக்காமல் முழுப் பாட்டையும் திரும்பப் பாடுவார். நாற்பது வருஷத்தில் ஒரு ஒன்ஸ் மோரைக்கூட அவர் வேண்டாம் என்று சொன்னதில்லையாம். கேட்டவர்களுக்குப் பாடாமல் மேடையை விட்டு இறங்கினால் அடுத்த தடவை மேடை ஏறக் கால் கூசும் என்பார். நானோ, அந்த நாடகமே என் தொண்டையில்தான் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியில் சொன்னேன். அதுவும் யாரிடம்? பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தவரிடம்.

அவர் பெயர் பொன்னுரங்கம். கொட்டிவாக்கத்தில் கொத்து மேஸ்திரி. மகள் மேகலாவுக்குத் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. அந்தக் கடைக்கு அண்டா இறக்கப் போனபோது அவளைப் பார்த்தேன், அவள் அண்டாவைப் பார்த்தாள், அப்படி ஆரம்பித்தது. விஷயம் பெரியவர் காதுக்குப் போய், அவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தம்பி இன்னா தொழில் பண்ற?"

'மீன்பாடி வண்டி' என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சொன்னது: "நாடகத்துல கீறேன் மாமா."

"வேஷம் கட்றியா?"

"அதுக்கும் மேல. நான் ஒரு கொரலு வுட்டாத்தான் நாடகமே நவுரும். வேணும்னா வந்து பாருங்க."

அவர் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு வருவாராம்.

இந்த நேரத்தில் கமலவேணி அம்மா ஆறு மாதமாகப் பாடவில்லை. தொண்டையில் ஏதோ கட்டி என்று வைத்தியம் நடந்தது. பேசக்கூடாது என்று எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். திரும்ப வந்து பாடப்போகிற முதல் நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மயிலாப்பூரில். அந்த நாடகத்துக்குத்தான் என் மாமனார் உத்தியோகம் பார்க்கப் போகிறவரும் வருகிறார்.

ஆறு மாதம் கழித்து வரும் கூட்டம், பழைய வேகத்தில் கத்துமா என்று எனக்குச் சந்தேகம். நான் கத்தி, பின்னால் யாரும் கத்தாவிட்டால் மேகலா முன்னால் மானம் போய்விடுமே. அதனால் குப்பத்திலிருந்து ஆறு பேரைத் திரட்டினேன். தலைவன் சீனு. ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்குகிறவன், குரலும் பாளம் மாதிரியே விழும்.

"மச்சி, இன்னா பண்ணணும் சொல்லு. அடிக்கணுமா?"

"அடிக்க வேணாம்டா. கத்தணும். நான் இந்தச் செவப்புத் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடைப்பேன். ஒடனே ஆறு பேரும் எய்ந்து, ஒன்ஸ் மோர். அவ்ளோதான்."

"நீ கத்த மாட்டியா?"

"நான் மாமா பக்கத்துல மரியாதையா குந்திக்கினு இருப்பேன். மூஞ்சியத் தொடைச்சா ஊரே கத்துதுன்னா, அது எவ்ளோ கெத்து!"

(இப்பச் சொல்லும்போதே எனக்கு என்னைய ரெண்டு அறை வைக்கணும்போலக் கீது.)

ஞாயிற்றுக்கிழமை. படுதா இறக்கியாயிற்று, தள்ளுவண்டி மேடையில் நின்றாயிற்று. ஆறு பேரும் ஹாலில் ஆறு மூலையில் உட்கார்ந்தாயிற்று. பொன்னுரங்கம் மாமா சலவை வேட்டியில் வந்தார். மேகலா பச்சைத் தாவணியில் வந்தாள். அவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கெத்தாக மேடைக்குப் பின்பக்கம் ஒரு நடை போய் வந்தேன். அங்கே வைத்தி சார் என் கையைப் பிடித்தார்.

"டேய் மணி, நன்னாக் கேட்டுக்கோ. இன்னிக்கு நீ வாயைத் தொறக்கப்படாது."

"இன்னா சார்?"

"ஒன்ஸ் மோர் கேக்கப்படாதுங்கறேன். டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டார். அந்தக் காய்ப் பாட்டை ஒரு தரம் பாடலாமாம். தொடர்ந்தாப்ல ரெண்டாந்தரம் பாடினா தொண்டைக்கு அவர் பொறுப்பில்லையாம். அப்பறம் பேச்சே வருமோ வராதோன்னுட்டார்."

நான் தோள் துண்டைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப அம்மாவாண்ட சொல்லிடுங்களேன், கேட்டாலும் பாட வேணாம்னு."

"சொல்லிப் பாத்தாச்சு. ஆத்துல உக்கார வச்சு அவா பொண்ணும் சொல்லிப் பாத்துட்டா. 'யாரும் கேக்கலேன்னா பாடலே, கேட்டா பாடுவேன்'னு சீட்டுல எழுதிக் காட்டறா. என்ன பண்றது? எப்பவும் ஆரம்பிக்கறவன் நீதான். நீ ஆரம்பிக்கலேன்னா யாரும் கேக்க மாட்டா. உன் கையிலதான்டா இருக்கு அந்தத் தொண்டை."

அந்த நேரத்தில் ஆறு பேர் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. மணி அடித்துவிட்டார்கள். வைத்தி சார் ஆர்மோனியத்துக்கு ஓடினார். கமலவேணி அம்மா சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார். ஆறு மாதத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடம் திறந்து கூட்டாளிகளைப் பார்த்த குழந்தை சிரிக்கிற மாதிரி. நான் பேசாமல் வெளியே வந்தேன்.

ஹாலில் விளக்கை அணைத்துவிட்டார்கள். சீனு இருப்பது நடு வரிசையில், பத்துப் பேர் முழங்காலைத் தாண்டி. 'சரி, என்ன இப்போது? துண்டைத் தொட்டால்தானே கத்துவார்கள். தொடாவிட்டால் போயிற்று' என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைத் துடைக்காமல் ஒரு மனிதனால் ஒரு மணி நேரம் இருக்க முடியாதா?

மே மாதம் என்பதை மறந்துவிட்டேன்.

அந்த ஹாலில் நாலு ஃபேன். நாலும் ஓடும்போது ரயில் போகிற சத்தம் வரும். அதனால் பாட்டு வரும் கட்டங்களில் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். கல்யாணி நாடகத்தில் முக்கால்வாசி பாட்டுதான். முதல் பாட்டுக்கு ஃபேன் நின்றதும் என் நெற்றியில் ஒரு சொட்டு கிளம்பியது. புருவத்தில் கொஞ்சம் யோசித்தது. பிறகு மூக்கு வழியாக இறங்கி நுனியில் வந்து தொங்கியது. துடைக்கவில்லை.

மேடையில் நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் சீனுவும் மற்ற ஐந்து பேரும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் ஆறு ஜோடிக் கண். 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டினேன். 'இப்போது இல்லை' என்று புரிந்துகொண்டு சீனு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

"யாரு தம்பி அவனுங்க? உன்னியே மொறைச்சிக்கினு கீறானுங்க," என்றார் மாமா.

"தெரியல மாமா. நாடகம் புதுசு போல, எந்தப் பக்கம் பாக்கணும்னு தெரியாம குந்திகினு கீறானுங்க."

அரை மணி நேரம் ஆனது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. ஒரு கொசு வந்து என் இடது கன்னத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது. சாப்பிட்டு முடித்துவிட்டு, ஒன்ஸ் மோர் மாதிரி வலது கன்னத்துக்கும் போனது. கை தானாக எழுந்துவிடுமோ என்று பயந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மேகலா எட்டிப் பார்த்தாள். "அப்பா, அவருக்கு ஒடம்பு சரியில்லயா? குளிச்சிட்டு வந்த மாதிரி கீறாரு."

"பெரிய வேலைல கீறவங்களுக்கு அப்பிடித்தான் டென்ஷனு இருக்கும்," என்றார் மாமா, கொஞ்சம் மரியாதையோடு.

அப்போது தள்ளுவண்டியில் கை வைத்து, கமலவேணி அம்மா அந்தப் பாட்டை எடுத்தார்.

'ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குறியே' என்று ஆரம்பித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பழைய குரல் இல்லை. ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு. துணி கிழிவதற்கு முன்னால் ஒரு நூல் வெளியே வருமே, அந்த மாதிரி. அந்தப் பிசிறை ஹாலில் யாரும் கவனிக்காதபடி அவர் ஏதேதோ செய்தார். வெண்டைக்காயை ஒடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பினார், தேங்காயைத் தட்டுகிற சாக்கில் எச்சிலை விழுங்கினார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. வலியை மறைத்த இடத்திலெல்லாம் கைதட்டல் வாங்கிய ஒரு மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வரி வந்தபோது பக்கத்தில் மாமா மூக்கை உறிஞ்சினார். (இன்னும் கட்டியே குடுக்கல, அதுக்குள்ள!)

மூச்சுவிடாக் கட்டம். கத்திரி, அவரை, கொத்தவரை. வைத்தி சார் ஆர்மோனியத்தைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் தொண்டையைப் பார்த்தே வாசித்தார். பத்து காய். பதினைந்து காய். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தைந்து. கழுத்து நரம்பு கடைசி வரிசைக்குத் தெரிந்தது. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது காய் கூரைக்குப் போய் நின்றது, ஆடாமல், அசையாமல்.

மௌனம்.

"கறிவேப்பில மட்டும் சும்மா வோணுமா தாயி?"

பாடி முடித்துவிட்டார். ஒரு தரம். டாக்டர் சொன்ன ஒரு தரம். ஹால் கைதட்டலில் அதிர்ந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை! எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள், வழக்கமாகக் கத்துகிறவன் இன்று ஏன் கத்தவில்லை என்று. நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையும் தொடைக்கு அடியில். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. வியர்வையா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கைதட்டல் அடங்க ஆரம்பித்தது. இன்னும் ஐந்து விநாடி. வைத்தி சார் அடுத்த காட்சிக்கு ஆர்மோனியத்தில் கை வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பொன்னுரங்கம் மாமா என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"இன்னா மாப்ளே," என்றார். முதல் தடவையாக மாப்ளே. "இப்பிடி அழுவுறியே. மனசு கீதுப்பா உனக்கு."

சொல்லிக்கொண்டே என் தோளிலிருந்து அந்தச் சிவப்புத் துண்டை எடுத்து, பெற்ற பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, என் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அழுத்தித் துடைத்தார்.

"ஒன்ஸ் மோர்!"

ஆறு மூலையிலிருந்தும் ஆறு இடி. சீனு நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். நான் "வேணாம்டா!" என்று கத்தினேன். என் வாய் துண்டுக்குள் இருந்தது. அதற்குள் ஹால் முழுக்கப் பிடித்துக்கொண்டது. வெள்ளை வேட்டிகள், பட்டுப் புடவைகள், முறுக்கு விற்கிறவர், எல்லோரும். ஆறு மாதமாகக் காத்திருந்த கூட்டமல்லவா? ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்.

வைத்தி சார் இரண்டு கையையும் ஆர்மோனியத்தின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு கமலவேணி அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அம்மா அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, தராசை ஒருமுறை நெற்றியில் தொட்டுக் கும்பிட்டார். சுருதிக்குக் கை காட்டினார்.

'ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குறியே வெண்டக்காயைத்தான்' வந்தது. 'அன்னிக்கு' வந்தது. 'முடிச்சு' வரவில்லை. வாய் அசைந்தது, கை அசைந்தது, காற்று மட்டும் வந்தது.

அந்த ஹாலில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. ஃபேனும் நின்றிருந்தது. எனக்குத் தரை பிளந்து, நேராகக் கபாலி கோயில் குளத்தில் போய் விழுந்தால் தேவலை போலிருந்தது.

அம்மா தொண்டையில் கை வைத்தார். ஒரு விநாடிதான். பிறகு அந்தக் கையை அப்படியே இடுப்புக்கு இறக்கி, கல்யாணியாகவே நின்று, மைக்குக்கு வெகு அருகில் வந்து, கிசுகிசுப்பாக ஒரு குரலில் கேட்டார்:

"கொசுறு கேட்ட மவராசன் யாரு? எய்ந்திரு, பாப்போம்."

ஆறு பேரும் பெருமையோடு ஆறு கையையும் என் பக்கம் நீட்டினார்கள். "தோ, எங்க மணி அண்ணாத்ததாம்மா!" என்றான் சீனு. எனக்கு மரியாதை வாங்கித் தருகிறானாம்.

"வா சாமி. கேட்டவங்களே பாடணும். நான் எடை போடறேன்."

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று ஞாபகம் இல்லை. மாமாவின் முழங்காலை மிதித்தது மட்டும் ஞாபகம். மேடையில் விளக்கு முகத்தில் அடித்தது. வைத்தி சார் என்னைப் பார்த்த பார்வையில் மூன்று நாள் சாபம் இருந்தது. ஆனாலும் கலைஞர் ஆயிற்றே, சுருதி கொடுத்தார். நான் பாட ஆரம்பித்தேன்.

வார்த்தை எல்லாம் தெரியும். அதுதான் பிரச்சினை. தெரியாவிட்டால் இறங்கியிருக்கலாம். என் குரல் மீன்பாடி வண்டிக்கு பிரேக் பிடிக்கிற குரல். வைத்தி சார் ஆர்மோனியத்தில் இருக்கிற எல்லாக் கட்டையையும் அமுக்கித் தேடினார், என் சுருதி அதில் எங்கேயும் கிடைக்கவில்லை. முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. கமலவேணி அம்மா வண்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் பாடப் பாட, பேசாமல் அபிநயம் பிடித்தார். நான் வெண்டைக்காய் என்றால் என் விரலை ஒடித்துப் பார்த்தார். தேங்காய் என்றால் என் மண்டையைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். 'காலி' என்று ஜனங்களுக்குக் கை விரித்தார். ஹால் உருண்டு புரண்டு சிரித்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அந்த அம்மாவின் குரல் செத்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறக்கடித்துவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு மட்டும் அவர் கை நடுங்கியது தெரிந்தது.

மூச்சுவிடாக் கட்டம் வந்தது. கத்திரி அவரை கொத்தவரை காராமணி பீர்க்கு புடலை என்று பிடித்தேன். பன்னிரண்டாவது காயில் கண் இருண்டது. பத்தொன்பதாவது காய், நூக்கல். நூக்கலோடு என் மூச்சு முடிந்தது. 'நூ' வந்தது, 'க்கல்' விக்கலாகப் போனது. அப்படியே தள்ளுவண்டி மேல் சாய்ந்தேன். காகிதக்கூழ்ப் பூசணி உருண்டு வைத்தி சார் மடியில் விழுந்தது. அம்மா என் முதுகில் நாலு தட்டு தட்டிவிட்டு, ஜனங்களைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். சத்தமே இல்லை. கறிவேப்பிலை வரியை மொத்த ஹாலும் அவருக்காகச் சொன்னது.

அந்தக் காட்சிக்குப் படுதா இறங்கியது. மீதி நாடகத்தை ஒரு பாட்டும் இல்லாமல், மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தே முடித்தார்.

நாடகம் முடிந்து பின்பக்கம் போனேன். ஓடிப்போயிருப்பேன், மாமா விடவில்லை, மேகலாவையும் கூட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஈரத்துணி. நான் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டு, ஆறு பேர், பெண் பார்த்தது, பீற்றிக்கொண்டது, எல்லாம். வைத்தி சார், "படுபாவி, தொழில்னு சொல்லிக்க வண்டி போறாதாடா நோக்கு?" என்றார். அதற்கு மேல் திட்ட அவருக்கு வரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அம்மா சீட்டை எடுத்து ஏதோ எழுதி நீட்டினார். கூட்டெழுத்து. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், அன்றைக்கு அதுவும் வரவில்லை. மேகலாவிடம் கொடுத்தேன். அவள் ஒருமுறை மனசுக்குள் படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்:

"முருங்கைக்காயை விட்டுவிட்டாய்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வைத்தி சார்தான் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஆமாம்டா. காராமணிக்கு அப்பறம் முருங்கை. நேரா பீர்க்குக்குப் போய்ட்டே," என்றார். குரல் போன அம்மா, அந்தக் கலவரத்துக்கு நடுவில், என் ஒவ்வொரு காயையும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான் அழுதேன். மேகலா சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவள் அப்பாவிடம், "வண்டி ஓட்றவருன்னா சரிப்பா. நாடகக்காரருன்னாதான் பயமா இருந்துச்சு," என்று சொன்னாளாம்.

கமலவேணி அம்மாவுக்கு நாலு மாதத்தில் பேச்சு வந்தது. எட்டு மாதத்தில் பாட்டு வந்தது. ஆனால் அந்த முப்பத்திரண்டாவது காயின் உயரம் வரவில்லை. அதற்கப்புறம் வைத்தி சார் அந்தப் பாட்டைத் திருத்தி எழுதினார். சுருதி ஏறுவதற்குப் பதில் இறங்கி இறங்கிப் போய், கடைசிக் காய் காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி முடியும். அதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது என்று நிறையப் பேர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. பழையதைக் கடைசியாகக் கேட்ட ஹாலில் நான் இருந்தேன். அதை நிறுத்தியதும் நான்தான்.

எங்கள் கல்யாணத்துக்கு அம்மா குப்பத்துக்கே வந்தார். ஒயர் கூடையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்து, வாழைநாரில் ரிப்பன் மாதிரி முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார். பந்தலே வேடிக்கை பார்த்தது. கல்யாண போட்டோவில் மாலையும் கழுத்துமாக நான் அந்தக் கட்டைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகள் சின்ன வயசில் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, அப்பா மிலிட்டரியில் இருந்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நான் செய்கிற தப்புக்கெல்லாம் ஒரே பெயர்தான். கரண்டு பில் கட்ட மறந்தால் முருங்கைக்காய். பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர மறந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் பெரிய முருங்கைக்காய். போன வருஷம் சின்ன மகளுக்கு நிச்சயம். பையன் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். பையனின் அப்பா என்னைப் பார்த்து, "ஐயா என்ன தொழில் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் காலத்துல நாடகத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அடுப்படியில் மேகலா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. கூடம் முழுக்க என் வீட்டு ஜனம் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"மீன்பாடி வண்டி சம்பந்தி," என்றேன். "செட்டு ஏத்திக்கினு போவேன். கூடவே பாட்டு கேப்பேன். ஒருவாட்டி மட்டும்."